நம்ம யுனிவர்சிட்டி கிரவுண்டு

(முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"பழைய நினைவுகளைப் பத்தி ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுங்க" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நான் 1982 முதல் 1985 வரை இங்கே பி.எஸ்.சி. படித்தவன். வகுப்பில் இருந்த நேரத்தைவிட கிரவுண்டில் இருந்த நேரம்தான் அதிகம். என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே கிரவுண்டைப் பற்றியே பேசுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதைக் கேட்டுச் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, "அப்பா, ஒரு மேட்ச் பாக்கப் போலாமா?" என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனாள். டிஷ்-ஃபால்க் ஃபீல்டு என்று பெயர். 1975-ல் திறந்தது. ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். விளையாடுகிறவர்கள் எல்லாரும் மாணவர்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே முன்பு படித்தவர்கள். எழுபது எண்பது வயதுக் கிழவர்களெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு கத்துகிறார்கள்.

பேஸ்பால் எனக்குப் புரியாது. பேரன்தான் சொல்லித் தந்தான். மைதானம் விரித்த விசிறி மாதிரி இருக்கிறது. விசிறியின் அடியில் நாலு மூலை. மூலைக்கு மூலை 90 அடி. பந்து எறிகிறவன் நிற்கும் இடத்திலிருந்து அடிக்கிறவனுக்கு அறுபதரை அடி. நம்ம கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதால் இந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தரையில் பதித்திருப்பது செயற்கைப் புல். ஆட்டக்காரர்கள் உட்கார இரண்டு பக்கமும் தரைக்குச் சற்றுத் தாழ்வாகக் கூரை போட்ட இடம். எறிபவர்கள் கையைப் பதப்படுத்திக்கொள்ளத் தனி இடம். இரவில் ஆட விளக்குக் கம்பங்கள். எல்லாம் சரி, ஆனால் என் மனசில் நின்றது அந்த மைதானத்தின் பழைய கதை.

டிஷ், ஃபால்க் இரண்டும் ஆள் பெயர்கள். பில்லி டிஷ் 1911 முதல் 1939 வரை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவரிடம் பயின்ற பிப் ஃபால்க் அடுத்துப் பொறுப்பேற்றார். 1949, 1950 இரண்டு வருஷமும் கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தார். நம் வழக்கத்தில் சொன்னால் இரண்டு பி.டி. சார்களின் பெயரை ஸ்டேடியத்துக்கு வைத்திருக்கிறார்கள்!

அவர்கள் காலத்து மைதானம் வேறு. கிளார்க் ஃபீல்டு என்று பெயர், 1928-ல் வந்தது. அதில் ஒரு விசேஷம். ஆட்ட எல்லைக்குள்ளேயே ஒரு சுண்ணாம்புக்கல் பாறை, ஆள் உயரத்துக்கும் மேலே. பந்து பாறைமேல் விழுந்தால் ஃபீல்டர் ஆடு மாதிரி ஏறிப் பிடிக்க வேண்டும். பேப் ரூத், லூ கெரிக் இருந்த புகழ்பெற்ற யாங்கீஸ் அணி 1929-ல் அங்கே வந்து மாணவர்களோடு ஆடியிருக்கிறது. அந்த மைதானம் இன்று இல்லை. 1970-களில் அந்த இடத்தைக் கலையரங்கம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று, மாணவர்களுக்குப் புது ஸ்டேடியத்தைக் கட்டித் திறந்துவிட்டார்கள். புது ஸ்டேடியத்தின் முதல் வருஷமே, 1975-ல், அந்தப் பிள்ளைகள் மறுபடி தேசியப் பட்டம் வாங்கினார்கள். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரும்பி வரும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க யுனிவர்சிட்டிக்கு ஸ்டேடியம் உண்டா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "உண்டு மக்கா, ஆனா இப்போ அது நம்மது இல்ல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் புரியாது. அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1937-ல், திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. சர் சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். நாகர்கோவில் கல்லூரிகளெல்லாம் அதன் கீழ் வந்தன. அந்தப் பல்கலைக்கழகம் 1940-ல் திருவனந்தபுரம் பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேடியம் அமைத்தது. அதுதான் யுனிவர்சிட்டி ஸ்டேடியம். அதன் பின்னால் இருந்தவர் கர்னல் கோதவர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்றால் கேரளத்தில் எல்லாருக்கும் தெரியும். மகாராஜாவின் சகோதரியை மணந்தவர். 1954-ல் அங்கே விளையாட்டுக் கவுன்சிலை உண்டாக்கியவர். அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் கேரளத்தில் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1971-ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

பல்கலைக்கழகம் தொடங்கி மூன்று வருஷத்தில் ஸ்டேடியம் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். படிப்பும் விளையாட்டும் ஒரு கையின் இரண்டு பக்கம் என்று நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா இதே கல்லூரியில் 1954-ல் இண்டர்மீடியட் படித்தவர். கல்லூரிக் கால்பந்து அணியில் லெஃப்ட் அவுட். கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குத் திருவனந்தபுரம் போய் அந்த ஸ்டேடியத்தில் ஆடியிருக்கிறார். பலர் காலில் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்களாம். மூன்று கோல் வாங்கித் தோற்றுவிட்டு வந்தார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜெயித்து வந்தவர் மாதிரிதான் பேசுவார். "நம்ம யுனிவர்சிட்டி கிரவுண்டு" என்றுதான் சொல்வார். தொண்ணூறு வயது நெருங்கி, கண் தெரியாமல் போன பிறகும் அந்த "நம்ம" மாறவில்லை.

1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்காவும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியும் மற்றவர்களும் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகி வாங்கிய உரிமை அது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெரியப்பாவும் அந்த ஊர்வலங்களில் போனவர்தான். ஆனால் எல்லை மாறியபோது நமக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் தூரத்துப் பல்கலைக்கழகமாகிவிட்டது. நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் வந்தோம். என் டிகிரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து டிகிரி. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகுதான் பல்கலைக்கழகம் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. மதுரைக்கு எங்கள் காலத்தில் ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு கிரவுண்டில் இறங்குவோம்.

சரி, நான் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தைப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

1984 அக்டோபர் 1, திங்கட்கிழமை. இந்தியா – ஆஸ்திரேலியா ஒரு நாள் ஆட்டம். அந்த ஸ்டேடியத்தில் நடந்த முதல் சர்வதேச ஒரு நாள் போட்டி. நாங்கள் ஏழு பேர், அன்றைக்கு இருந்த இன்டர்னல் டெஸ்டை விட்டுவிட்டு, விடியுமுன் பஸ் ஏறினோம். (இதோ மேடையில் இருக்கும் சார் இப்போது சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை.) தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போய்ச் சேர்ந்தோம். வீட்டில் கட்டித் தந்த இட்லிப் பொட்டலம் கூட்டத்தில் நசுங்கி உப்புமா ஆகிவிட்டது.

இந்தியா 175 ரன். வெங்சர்க்கார் 77. ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 29 எடுத்திருந்தபோது வானம் பொத்துக்கொண்டது. அவ்வளவுதான், ஆட்டம் முடிவில்லாமல் நின்றது. நனைந்த கோழிகளாக ராத்திரி ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"யாருலே ஜெயிச்சது?"

"மழை ஜெயிச்சிட்டு பெரியப்பா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார்: "மழை பெஞ்சா அந்தக் கிரவுண்டுல எந்தக் கோல் போஸ்ட் பக்கம் முதல்ல சேறாகும்னு எனக்குத் தெரியும்லே. நீ கேலரில இருந்து பாத்தவன். நான் அதுல விழுந்து எழும்பினவன்."

எனக்கு அது ஒரு கேலியாகத்தான் அன்று பட்டது.

1988 ஜனவரி 25, அதுவும் திங்கட்கிழமை. வேலை கிடைக்காமல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்துக்குப் போனேன். நம்ம ஸ்ரீகாந்த் 101 அடித்தார். கையெல்லாம் சிவக்கக் கைதட்டினோம். ஆனால் ஃபில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். வெஸ்ட் இண்டீஸ் ஒன்பது விக்கெட்டில் வெற்றி.

அதன் பிறகு அந்த ஸ்டேடியத்தில் சர்வதேச கிரிக்கெட் நடக்கவில்லை. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்து நிலத்தில் பெரிய புது ஸ்டேடியம் கட்டி, 2015-ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவை அங்கே நடத்தினார்கள். சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். 2018 நவம்பர் 1 அன்று இந்தியா அங்கே வெஸ்ட் இண்டீசை 104 ரன்னில் சுருட்டி, அதே ஒன்பது விக்கெட்டில் வென்று, முப்பது வருஷக் கடனைத் தீர்த்தது. 2023 ஜனவரியில் இலங்கையை அங்கே 317 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஒரு நாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு ரன் வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை.

நான் சொல்ல வருவது வேறு. பெரிய ஆட்டமெல்லாம் காரியவட்டத்துக்குப் போனபோது, பாளையத்துப் பழைய ஸ்டேடியத்தை அவர்கள் என்ன செய்தார்கள்? ஊரின் நடுவில், சட்டசபைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம். சென்ட் என்ன விலை போகும் என்று நான் சொல்ல வேண்டாம். அதை மைதானமாகவே வைத்திருக்கிறார்கள். சிந்தெடிக் டிராக் போட்டிருக்கிறார்கள். 2018-ல் மாநிலப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தடகளப் போட்டி அங்கேதான் நடந்தது. 1940-ல் போட்ட மைதானத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். "நம்மது" இல்லாமல் போனாலும் அது மைதானமாகவே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இனி நம் கல்லூரி மைதானத்துக்கு வருவோம்.

எங்கள் காலத்து வசதிகளைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு கிணறு, ஒரு வாளி. கிரிக்கெட்டுக்குக் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச். நாலு முனையிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். கேலரி என்பது மேற்கு ஓரத்தில் இருக்கும் புளியமர நிழல். சாமான் வைக்க ஓடு போட்ட ஒரு அறை.

அந்த அறைக்குச் சொந்தக்காரர் மாதிரி எங்கள் மார்க்கர் அண்ணன் இருந்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இல்லை. ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் நூல்கயிறும் டேப்பும் சுண்ணாம்புப் பொடியுமாக இறங்கினால் சாயங்காலத்துக்குள் 400 மீட்டர் டிராக் போட்டுவிடுவார். ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேனில் ஓடுகிறவன் வளைவில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டாவது லேன்காரனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த 7.04 எங்கிருந்து வருகிறது என்று கணக்கு மேஜர் படித்த எனக்குத் தெரியவில்லை. அவர்தான் மண்ணில் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்தின் சுற்றளவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே புரிந்தது. வட்டம் போட்டுக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, டிராக் போட இடம் ஒரு அடி குறைஞ்சாலும் கணக்கு சேராது."

இப்போது உங்கள் கையில் இருக்கும் கலர் நோட்டீசைப் பாருங்கள். முன்னாள் மாணவர் கலையரங்கம். அழகான படம். எண்ணூறு இருக்கை, ஏ.சி. வசதி. இந்த நிதிக்கு நானும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது எந்த இடத்தில் கட்டப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு. நோட்டீசின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: "மைதானத்தின் மேற்கு ஓரம், நாற்பது அடி".

நேற்றுச் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். இப்போதைய மார்க்கர் தம்பி கூட வந்தார். அளந்து பார்த்தோம். ஆறு லேன் போட்டால் மேற்கு வேலிக்கு எட்டு அடிதான் மிச்சம். நாற்பது அடி போனால் 400 மீட்டர் டிராக் இனி எந்தக் காலத்திலும் இங்கே வராது. 200 மீட்டர் போட்டுக்கொள்ளலாம். எட்டு லேனுள்ள முழு டிராக்குக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளம், 93 மீட்டர் அகலம் வேண்டும். அந்த அளவு இடம் சும்மா கிடக்கிற மாதிரிதான் யாருக்கும் தெரியும். "சும்மா கெடக்குதே" என்று சொல்லித்தான் நம் ஊரில் குளங்களையும் இழந்தோம்.

நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது, கோ-கோ பயிற்சிக்கு வந்த நாலு மாணவிகள் நின்று பார்த்தார்கள். "அங்கிள், என்ன கட்டப் போறீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "டிரஸ் மாத்த ஒரு ரூம் போதும் அங்கிள். இப்போ லேப் பில்டிங்குக்கு ஓடணும். ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க" என்றது. ஒரு அறை! எண்ணூறு இருக்கைக்குத் திட்டம் போட்ட எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கலையரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாக் குழு வரும்போது கேட்கிறார்கள் என்று முதல்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் விழா நடத்தப் பந்தல் போட்டு நாம் படும் பாடும் தெரியும். பழைய சைக்கிள் ஷெட்டு கிடக்கிறது. இன்று அதில் சைக்கிள் வைக்க ஆளில்லை. அங்கே இருக்கை எண்ணூறு வராது, ஐந்நூறுதான் வரும். வரட்டுமே. முடியாது, மைதானத்தில்தான் கட்ட வேண்டும் என்றால், டெக்சாஸ்காரர்கள் செய்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் முழு மைதானம் கொடுங்கள். அவர்கள் அதில் ஓடட்டும். பிறகு இதைத் தோண்டுங்கள்.

என் இருபத்தைந்தாயிரத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. அதோடு இன்னொரு இருபத்தைந்தாயிரம் தருகிறேன். மாணவிகளுக்கு உடை மாற்றும் அறை, கழிப்பறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய். இந்த மூன்றுக்கும் முதல் சந்தா என்னுடையது. இதற்கு வண்ண நோட்டீஸ் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விழா முடிந்ததும் வாசலில் இருப்பேன்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தைக் காப்பாற்ற மனு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட முதலில் செய்ய வேண்டியது, சாயங்காலம் நாலரைக்கு இறங்கி விளையாடுவது. நூறு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் அஸ்திவாரம் தோண்ட எந்த கான்ட்ராக்டருக்கும் கை வராது.

எங்கள் பெரியப்பா தோற்று வந்த மைதானத்தை அறுபது வருஷம் "நம்ம" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேலரியில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் இந்த மேற்கு ஓரத்து மண்ணில் நான் முட்டி தேய விழுந்திருக்கிறேன், எந்த இடத்தில் மழைத் தண்ணீர் முதலில் தேங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இவ்வளவும் பேசினேன். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் ஆறு மணிக்கு, முடிந்தவர்கள் மைதானத்துக்கு வாருங்கள். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். சுண்ணாம்புப் பொடி நான் வாங்கி வைத்திருக்கிறேன்.